யூதாசுக்கு ஓர் ஆள்

கோயிலின் இடப்பக்கச் சுவரில் இருந்த கடைசி இராப்போசன ஓவியத்தில், பஸ்லினாவின் புருஷன் அம்புறோஸ்தான் யூதாஸ்.

முப்பது வருடங்களுக்கு முன் அதை வரைந்த ரவிகுமார், ஆளைக் கதிரையில் இருத்தி, முகத்தைப் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டார். பேதுருவாக இருக்க ஏழு பேர் சண்டை போட்டார்கள். யூதாசுக்கு ஒருவரும் வரவில்லை. "ஒரு பிளேன்டீ குடுத்தா நான் இருக்கிறேன்" என்று போய் உட்கார்ந்தவர் அம்புறோஸ்.

அவர் மாசியில் இறந்துபோனார். வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கலியாணப் படத்திலும்தான். கண் திறந்திருந்த ஒரே முகம் கோயில் சுவரில் இருந்தது. பஸ்லினா தினமும் பூசை முடிந்ததும் அதன் முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

இரண்டு கிழமையில் அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. யூதாசின் கையிலிருந்த பணப்பையைப் பூச்சாடி மறைத்திருந்தது; புதிதாக வந்தவர்களுக்கு அவர் யாரோ ஒரு புனிதர்.

"அக்கா, இந்தப் புனிதரு விசா எடுத்துத் தருவாரா?" என்று கேட்டாள் பல்லேகலயில் வேலை செய்யும் நிலூஷா.

"பல்ப்பு மாட்டவே மூணு நாள் எடுப்பாரும்மா."

நிலூஷாவுக்கு விசா கிடைத்தது. அடுத்த ஞாயிறு யூதாசுக்கு மாலை விழுந்தது.

ஃபாதர் ரொஹான் தலையில் கைவைத்தார். "யூதாசுக்கு நவநாளா! கொடியேத்தத்துக்கு முந்தி அந்த முகத்த மாத்துங்க!"

நரைத்த தலையோடு ரவிகுமார் ஏணியைக் கொண்டுவந்தார். பஸ்லினா முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"மாத்துறேன் ஃபாதர். யாரப் பாத்து வரைய?"

ஃபாதர், பங்குச் சபைச் செயலாளர் கிளின்ரனைப் பார்த்தார்.

"ஐயோ ஃபாதர், நடாஷாவுக்கு மாப்பிள்ள பாக்குறோம். சம்பந்தி வந்து சுவரப் பாத்தா என்னா நினைப்பாரு?"

பாடகர் குழுவைத் தேடினால், அது வாசலைத் தாண்டியிருந்தது.

"அப்ப நீங்களே உக்காருங்க ஃபாதர்" என்றாள் பஸ்லினா.

"திருநாளுக்கு ஆயர் வர்றாரும்மா..."

ரவிகுமார் தூரிகையைத் தொடாமலே ஏணியை மடக்கினார். மெழுகுதிரித் தட்டு மட்டும் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் போனது.

எல்லோரும் போனபின் பஸ்லினா கதிரையில் ஏறி, முந்தானையால் அம்புறோசின் மூக்கில் படிந்திருந்த கரியைத் துடைத்தாள்.

"வேற ஒருத்தரும் மாட்டேங்கிறாங்க" என்றாள். "நீங்களே இருங்க."