மேவிஸ் கேட்ட கேள்வி

அந்த டிவி தொடரைத் தடை செய்ய வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே பாதிப்பேர் செவ்வாய்க்கிழமை வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு காட்சி விடாமல் பார்த்தார்கள். இருண்ட தொடர் அது. டாக்டர் தப்புச் செய்வார், கூட இருப்பவர்கள் அதை மூடி மறைப்பார்கள், நோயாளி செத்துப்போவார், எல்லோரும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு பப்புக்குப் போய்விடுவார்கள். நானும் பார்த்தேன். "இப்படியெல்லாமா நடக்கும், அநியாயம்" என்று என் புருஷனிடம் சண்டை பிடித்தேன். அவர் பாவம், டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் தொடரின் மேல் இல்லை. அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது, என் வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில்.

என் பெயர் நொரீன் ஹார்கிரீவ்ஸ். லங்காஷயரில் ஒரு பழைய மில் ஊரில் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டின் சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ். நர்ஸுகள் என்னைக் கண்டால் பயப்படுவார்கள், நல்லதுதான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தது மேவிஸ் என்ட்விசில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவள். பித்தப்பையில் கல். வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் புது ஆபரேஷன் அப்போதுதான் வந்திருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், மஞ்சள் பூத்துப் படுத்திருந்தாள். கண் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். ராத்திரியெல்லாம் அரிப்பு.

ஆபரேஷன் செய்தவர் மிஸ்டர் லோமாக்ஸ். பெரிய டாக்டர். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கே குடல் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தவர். ஆனால் மேவிஸிடம் அவர் சொன்னது இதுதான்: "உங்க உடம்பு வாகு கொஞ்சம் வேற மாதிரி. உள்ள எல்லாம் இடம் மாறிக் கெடக்கு. கொஞ்ச நாள் பாப்போம்." பாப்போம் பாப்போம் என்று பத்து நாள் ஓடிவிட்டது. அவளை வேறு ஊரில் இருக்கும் கல்லீரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் அங்கிருப்பவர்கள் அவர் செய்த தப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் விஷயம். அனுப்பாவிட்டால் அவள் கல்லீரல் போய்விடும். அதுவும்தான் விஷயம்.

புதன்கிழமை காலை ரவுண்டுக்கு முன்னால், லோமாக்ஸின் கீழே வேலை பார்க்கும் எம்ரிஸை, படுக்கைத் துணி அடுக்கும் அறைப் பக்கம் ஓரங்கட்டினேன். வேல்ஸ்காரப் பையன், நல்ல கைராசி.

"நேத்து நீயும் டிவி பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர். என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு."

"இருக்கும்ல. அந்தக் கல்லீரல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேச வேண்டியதுதானே?"

"பேசிட்டேன். கட்டில் இருக்கு, எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஆனா லோமாக்ஸ் வாயால சொல்லணுமாம். என்னை மாதிரி சின்ன ஆளு சொன்னா செல்லாது."

"அப்ப அவர்கிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன் சிஸ்டர். ரெண்டு தடவை. 'பாப்போம்'னாரு." தலையைத் தேய்த்துக்கொண்டான். "பிப்ரவரியோட இங்க என் வேலை முடியுது. அடுத்த வேலைக்கு அவர் நல்ல வார்த்தை சொன்னாத்தான் உண்டு. வீட்ல வேற அவளுக்கு ஏழாம் மாசம்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிகளில் வளர்ந்த டாக்டர்கள் எல்லோரும் இப்படி வாயைக் கட்டிக்கொண்டுதான் வளர்ந்தார்கள். லோமாக்ஸும் அப்படித்தான் வளர்ந்திருப்பார்.

ரவுண்டு ஆரம்பித்தது. அவர் முன்னால், எம்ரிஸ் பின்னால், அதற்குப் பின்னால் மாணவர்கள், பக்கத்தில் நான். அவர் கேட்டால்தான் யாரும் வாயைத் திறக்கலாம். ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து திரையை இழுத்தோம். துணித் திரை, காதை மறைக்குமா? அந்தப் பக்கம் வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பெண்கள் எல்லோரும் டிவி அறையில் கூடி ஒரே பேச்சு.

"எப்படி இருக்கீங்க மிசஸ் என்ட்விசில்?"

"மஞ்சளா இருக்கேன் டாக்டர்." எங்கள் நாட்டில் அறுவை மருத்துவரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும், அதுதான் அவர்களுக்குப் பெருமை. மேவிஸுக்கு அது கடைசிவரை ஏறவில்லை. "நேத்து எல்லாரும் அந்த நாடகம் பாத்தோம்."

"அதெல்லாம் கட்டுக்கதை. பாத்தா ரத்தக்கொதிப்புதான் வரும்."

"எனக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணு ஜூனுக்கும் பித்தப்பைல கல் இருக்கு. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. அம்மாவுக்கு உள்ள எல்லாம் கோணல், எனக்கும் அப்படித்தானே இருக்கும்னு பயந்து வேண்டாம்னுட்டா. வலில சுருண்டு கெடக்கா. என்னாலதானேன்னு நான் அழுதுட்டுக் கெடக்கேன்." எழுந்து உட்கார்ந்தாள். "அதனால கேக்கறேன். எம் உடம்பு கோணலா, இல்ல உங்க கை தப்பிடுச்சா?"

இவ்வளவு நேராக ஒரு நோயாளி கேட்டு நான் பார்த்ததில்லை. லோமாக்ஸ் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைக் கையில் எடுத்தார். "இது கொஞ்சம் சிக்கலான விஷயம்..." என்றார்.

"கை தப்பிடுச்சும்மா" என்றான் எம்ரிஸ்.

ஒரு மாணவன் பேனாவைக் கீழே போட்டான். யாரும் எடுக்கவில்லை.

"உங்க உடம்புல ஒரு கோணலும் இல்ல" என்று எம்ரிஸ் நிறுத்தாமல் சொன்னான். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று பயந்திருப்பான். "சின்னக் குழாய்ல போட வேண்டிய கிளிப்பை, ஈரல்லேருந்து வர்ற பெரிய குழாய்ல போட்டுட்டோம். நான்தான் கேமராவப் புடிச்சிட்டு நின்னேன். அன்னிக்கு எனக்கும் புரியல. இதைச் சரி பண்ணலாம், நல்லா ஆயிடுவீங்க. ஆனா அதுக்குப் பழகின ஆளுங்ககிட்ட இன்னிக்கே போகணும்."

லோமாக்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எம்ரிஸின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவன் வேலை தொலைந்தது என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

லோமாக்ஸ் என் அறையில் உட்கார்ந்திருந்தார். ரவுண்டு முடிந்தால் சிஸ்டர் அறையில் அவருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பது வழக்கம். நான் டீ போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

"அந்த ஆபரேஷனை நான் எங்க கத்துக்கிட்டேன் தெரியுமா சிஸ்டர்?" என்றார். "ஒரு சனி ஞாயிறு கோர்ஸ். பெட்டிக்குள்ள பன்னி ஈரலை வெச்சு எங்களைப் பழக விட்டாங்க. திங்கக்கிழமை நோயாளிங்க வரிசையா காத்திருந்தாங்க. பக்கத்து ஊர்க்காரன் செய்யறான், நம்மால முடியாதா..." கையைப் பார்த்துக்கொண்டார். "மிசஸ் என்ட்விசிலுக்குச் செஞ்ச அன்னிக்கே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியல."

"பத்து நாளா தெரிஞ்சுமா அவளைக் கெடக்க விட்டீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"பயம் சிஸ்டர்."

"உங்களுக்குப் பயம், அந்தப் பையனுக்குப் பயம், ஜூனுக்குப் பயம். மேவிஸ் ஒருத்திதான் பயப்படாம கேட்டா. சாகக் கெடக்கறவ." போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நம்பரை எம்ரிஸ்கிட்ட கேளுங்க. மனப்பாடமா வெச்சிருக்கான்."

கதவைத் திறந்தார். எம்ரிஸ் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். லோமாக்ஸ் நம்பரைக் கேட்டார், சுழற்றினார். "நான்தான் செஞ்சேன். பெரிய குழாய்ல கிளிப்" என்று மறுமுனையில் இருந்தவரிடம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு எம்ரிஸைப் பார்த்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வந்துடு. லேட் பண்ணாத" என்றார். அவ்வளவுதான். எம்ரிஸ் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு லோமாக்ஸ் மேவிஸின் கட்டிலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் சொன்னார். மேவிஸ் முழுசாகக் கேட்டாள்.

"ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரர் வருவாரு. இதை அவர்கிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு, டாக்டருங்க தப்பே பண்ண மாட்டாங்கன்னு நெனைக்கற ஆளு."

லோமாக்ஸ் காத்திருந்தார். பார்வையாளர்கள் வந்தார்கள், பூங்கொத்தும் பழமும் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் பஸ் டிரைவர் உடுப்போடு வில்ஃப் என்ட்விசில் ஓடி வந்தார், கையில் திராட்சைப் பை.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், பஸ் டிப்போல லேட்டாயிடுச்சு. உங்களைக் காக்க வெச்சுட்டேன்."

லோமாக்ஸ் எழுந்து நின்றார். "நீங்க கேக்காதீங்க. நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். மேவிஸிடம் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார்.

வில்ஃபின் கழுத்து சிவந்து, காதுவரை சிவந்தது. அடித்துவிடுவார் என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"பத்து நாளா இவ கண்ணாடி பாக்கல" என்றார். "நீங்க தெனமும் வந்து பாத்துட்டுப் போனீங்க."

"ஆமா."

"நான் கேஸ் போடுவேன்."

"போடுங்க. உள்ளதைத்தான் சொல்லுவேன்."

வில்ஃபுக்கு அதற்கு மேல் சண்டையை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. திராட்சைப் பையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"சண்டைய அப்புறம் வெச்சுக்க வில்ஃப்" என்றாள் மேவிஸ். "ஆம்புலன்ஸ் வரப்போகுது. மொதல்ல ஜூனுக்குப் போன் போடு."

என் அறைக்குக் கூட்டிப்போனேன். அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல நானே சுழற்றிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் தள்ளுகட்டிலோடு வார்டுக்குள் நுழைந்தபோது, வில்ஃப் மொத்த ஆஸ்பத்திரிக்கும் கேட்கிற மாதிரி அழுதுகொண்டே கத்திக்கொண்டிருந்தார்: "அம்மா உடம்புல ஒரு கோணலும் இல்லியாம்டி. நல்ல உடம்புதானாம். உனக்கும் நல்ல உடம்புதான்டி, ஜூன்."