மூலையில் முடிச்சுப் போட்ட பை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கொல்லிமலையில் பிறக்கவில்லை. ராசிபுரத்தில், என் வீட்டுச் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் பிறந்தது. அங்கேதான் என் மனைவி கேரி பேக்குகளைத் திணித்து வைப்பாள். ஒரு பைக்குள் நூறு பை. 2001இல் ஒரு நாள் அதில் ஒன்றை உருவப் போக, அத்தனையும் தரையில் கொட்டிவிட்டது. "கதை எழுதத் தெரியுது, ஒரு கவரை ஒழுங்கா எடுக்கத் தெரியலை" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார் சென்றாயன். கொல்லிமலைக்காரர். வேலைக்காகக் கீழே இறங்கி வந்தவர். அவர்தான் சொன்னார்:

"எங்க ஊர்ல ஒரு பொம்பளை கவரைக் கையாலகூடத் தொடாதுங்க. கவராலதான் அதோட புள்ள செத்துப்போச்சு."

எப்படி என்று கேட்டேன். "அது பெரிய கதைங்க" என்று சொல்லிவிட்டுக் கலவையை அள்ளி அப்ப ஆரம்பித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன், மனுஷன் பிடிகொடுக்கவே இல்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. பெயர்களும் நான் வைத்தவை. சென்றாயன் இதைப் படித்தால் சிரிக்கலாம், அடிக்கவும் வரலாம்.

2

முதல் தொடக்கம்: "பனி போர்த்திய கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி..." (அடித்துவிட்டேன். சுற்றுலா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: "பிளாஸ்டிக் என்னும் அரக்கன்..." (இது பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. பரிசு சோப்பு டப்பா.)

மூன்றாவது: "ராக்கம்மாள் வீட்டில் கவர்களுக்கு மூன்று சாதி."

இது நிற்கட்டும்.

குண்டனி நாட்டில் (கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு சின்ன ஊர், 1999ஆம் வருஷம். ராக்கம்மாளுக்கு முப்பது வயது. புருஷன் முத்தன், ஐந்து வயதில் ஒரே மகள் மேனகா. அதே வீட்டில் முத்தனின் தம்பி ராஜதுரையும் அவன் மனைவி சுமதியும். சுமதி பைல் நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை. (இந்த வரியை இங்கே போடலாமா என்று யோசித்தேன். ஊர் இதை மறக்கப்போவதில்லை, பிறகு நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?)

மலையில் அப்போது கவர் என்பது சும்மா கிடைக்கிற பொருள் கிடையாது. வாரம் ஒருமுறை சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் இரண்டோ மூன்றோ வரும். வாசலூர்பட்டி படகுத் துறைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போவதை வேலைக்குப் போகிற பெண்கள் பொறுக்கி வருவார்கள். வந்ததையெல்லாம் ராக்கம்மாள் சாம்பல் போட்டுக் கழுவி, காப்பிச் செடியில் மாட்டிக் காயவைத்து, நீவி நீவி மடிப்பாள். சர்க்கரை, பொரி, பருப்பு வந்த கவர் அடுப்படிக் கொடியில் தொங்கும் துணிப்பைக்குள் போகும். ஜவுளிக்கடைக் கெட்டிக் கவர் பாய்க்கு அடியில், ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும். மீன், எரு, பூச்சிமருந்து வந்த கவர் வெளியே எறவாணத்துச் சந்தில், கூரை தாழ்ந்து இறங்கும் இடத்தில். எறவாணத்துக் கவர் உள்ளே வரக்கூடாது. இது அவளே போட்ட சட்டம், சுமதி ஒருமுறை மாற்றி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஏச்சு வாங்கினாள்.

ஓட்டை விழுந்த கவரையும் யாரும் எறிய மாட்டார்கள். ஓட்டை பெரும்பாலும் மூலையில்தான் விழும். அந்த மூலையைச் சுருட்டி ஒரு முடிச்சு. கவர் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஊரில் பாதிக் கவருக்கு மூலையில் முடிச்சு இருக்கும்.

3

இனிமேல் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் இந்த இடத்திலேயே நின்றேன்.

ஆடி மாதம் ராஜதுரை வாழைக் குழிக்குப் போட அடிவாரத்துக் கடையொன்றில் குருணையாக இருக்கும் பூச்சிமருந்து வாங்கினான். கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து, கிளிப் படம் போட்ட மஞ்சள் கவரில் சில்லறையாகக் கொட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது மூலை கிழிந்து குருணை ஒழுகியது. மூலையைச் சுருட்டி முடிச்சுப் போட்டான். குழிக்குப் போட்டு முடித்ததும் கவரை உதறி எறவாணத்தில் செருகினான். முடிச்சுக்குள் சிக்கிய ஒரு சிட்டிகை உள்ளேயே இருந்துவிட்டது.

ஐப்பசியில் விடாத மழை. எறவாணத்தில் தண்ணீர் இறங்கிக் கவரெல்லாம் சேறாகிவிட்டது. ராக்கம்மாள் அத்தனையையும் இறக்கினாள். மூன்று தண்ணீர், சாம்பல், வெந்நீர், மறுபடி தண்ணீர். அடுப்புச் சூட்டில் காயவைத்தாள். நனைந்த சந்தில் திருப்பி வைக்க மனசு வரவில்லை.

"கழுவியாச்சு. இனி என்ன இருக்குது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் அடுப்படித் துணிப்பைக்குள் போட்டாள்.

(முடிச்சை அவிழ்த்துக் கழுவியிருக்கலாமே என்கிறீர்கள். அவிழ்த்தால் ஓட்டை. ஓட்டையை யாராவது அவிழ்ப்பார்களா? முடிச்சுக்குள் தண்ணீர் போகாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. இதை எழுத உட்காரும்வரை எனக்கும் தோன்றவில்லை, நான் மட்டும் என்ன பெரிய புத்திசாலி.)

மூன்றாம் நாள் காலை. குழந்தைக்குப் பொரியும் சர்க்கரையும் கலந்து, கைக்கு வந்த கவரில் போட்டு, எறும்பு ஏறாமல் ஆணியில் மாட்டிவிட்டு ராக்கம்மாள் மிளகுக் காட்டுக்குப் போனாள். மத்தியானம் பிள்ளை பசி என்று அழுதது. சுமதி ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெருமாயி பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்: "உங்க சின்னாத்தா குடுத்தாத்தான் உனக்கு எறங்குமா, கண்ணு?"

மேனகா பொரியைத் தின்றாள். தீர்ந்ததும், எல்லாக் குழந்தைகளையும் போல, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

மயங்கிய பிள்ளையை ஜீப்பில் போட்டு மலையிலிருந்து இறக்கினார்கள். பாதி வளைவு தாண்டுவதற்குள்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்து மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழகாக வந்தது. அழகாக வருவது எனக்கு அருவருப்பாக இருந்தது.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் கைக்குள் இருந்த கவரைப் பிரித்துப் பார்த்தார். முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. கடுகு மாதிரி நாலைந்து குருணை ஒட்டிக்கொண்டிருந்தது.

4

"ஆரு குடுத்தது?" என்று கேட்டார்கள்.

"நாந்தானுங்க குடுத்தேன்" என்றாள் சுமதி. உண்மைதானே.

அதற்குப் பிறகு ஊருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பிள்ளையில்லாதவள். பொறாமை. மருந்துக் கவரை எறவாணத்திலிருந்து வேண்டுமென்றே எடுத்துப் பொரி போட்டவள். ராஜதுரை முதல் நாள் சண்டை போட்டான், இரண்டாம் நாள் பேசாமல் இருந்தான், மூன்றாம் நாள் வெளியே படுத்துக்கொண்டான்.

பொரி போட்டு மாட்டியது யார் என்று ராக்கம்மாளிடம் யாருமே கேட்கவில்லை. பெற்றவளிடம் போய் எப்படிக் கேட்பார்கள்? அவள் தலையைத் தங்கள் மடியில் சாய்த்துக்கொண்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள். முதல் இரண்டு நாள் அவளுக்குப் பேச்சே வரவில்லை, அது நிஜம். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. "தண்ணி" என்று கேட்டாள். பொரி போட்டது தான்தான் என்பதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும், நேற்றுச் சொல்லாததை இன்றைக்கு எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. சொன்னால், என் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் ஊர்க்கூட்டம் என்று ஊர்க்கவுண்டர் அப்பாசாமி சொல்லிவிட்டார். சுமதியை ராஜதுரையிடமிருந்து அத்துவிட்டு அவள் ஊருக்கே அனுப்பிவிடுவதென்று கூட்டம் கூடும் முன்னாலேயே முடிவாகியிருந்தது. பிள்ளையைக் கொன்றவள் என்ற பேரோடு போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலும் சோறு கிடைக்காது.

5

முடிவு அ: கூட்டத்தில் ராக்கம்மாள் எழுந்து, "பாவம் எம்மேலதானுங்க" என்று கதறுகிறாள். ஊரே தலைகுனிகிறது.

(ஊராவது தலைகுனிவதாவது! இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ: சுமதி போய்விடுகிறாள். ராக்கம்மாள் ஒரு கயிற்றை...

(வேண்டாம். எழுதத் தெரியாதவனெல்லாம் கடைசியில் கயிற்றைத் தேடுவான்.)

முடிவு இ: முத்தனுக்கு உண்மை தெரிந்து...

(முத்தனை இதுவரை ஒரு வார்த்தை பேச விடவில்லை. இப்போது இழுத்து வந்து நிறுத்தினால் நீங்கள் நம்புவீர்களா?)

அப்போதுதான் உறைத்தது. முத்தன் கிடக்கட்டும், சுமதிக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி. அவளை வைத்துத்தான் கதையே ஓடுகிறது. ஊர் அவளைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராக்கம்மாளின் துக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

6

ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரையும் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பினேன். ராக்கம்மாள் குனிந்து மொண்டுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் சுமதி. "நீங்க கவரெல்லாம் கழுவி உள்ள வெச்சப்ப நான் அடுப்படியிலதான் இருந்தேன்."

ராக்கம்மாளின் கை நின்றது.

"கிளிப் படம் போட்ட கவரையும் பாத்தேன். இது மருந்துக் கவராச்சேன்னு நெனைச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. மாத்தி வெச்சதுக்கு அன்னிக்கு நீங்க ஏசுனதும் நெனப்பு வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா, கழுவுனதுதானேன்னு விட்டுட்டேன்."

"சுமதி..."

"காலையில நீங்க பொரி போட்டதையும் பாத்தேன். மத்தியானம் அதை எடுத்துக் குடுத்ததும் நாந்தான். ஊரு சொல்றது பொய்யுன்னு என்னால சத்தியம் பண்ண முடியலைக்கா. பொறாமை இல்லாமயா இருந்துச்சு? பாப்பா உங்களை அம்மான்னு கூப்பிடறப்பெல்லாம் இருந்துச்சு. அதுக்காகத்தான் சொல்லாம விட்டனா... அதுகூட இப்ப எனக்கே தெரியல. நீங்க சொல்லிருங்கன்னு கேக்க வரல. தெரியும்னு சொல்லத்தான் வந்தேன்."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இவள் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அழுவாள், காலில் விழுவாள், குறைந்தபட்சம் சாபமாவது விடுவாள் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். என் கையில் இருந்த மூன்று முடிவும் இதோடு செத்துப்போயின. 'யாருக்கும் தெரியாது' என்ற சாக்கில் இனி ராக்கம்மாள் வாய் மூடியிருக்க முடியாது.

7

கூட்டம் கூடிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுமதி தன் துணிமணியைச் சேலையில் மூட்டை கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ராஜதுரை தரையைப் பார்க்கிறான். அப்பாசாமி கேட்கிறார்:

"ஆருக்காச்சும் இதுல வேற சொல்றதுக்கு இருக்குதா? இருந்தா இப்பச் சொல்லிருங்க."

பெருமாயி ராக்கம்மாளின் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள்.

இங்கே நான் பேனாவை மூடுகிறேன். அவளைப் பேச வைக்க எனக்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த வரியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என் பிள்ளைகள் இரண்டும் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருக்கின்றன. பெற்ற பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று ஊர் நடுவில் ஒருத்தியைச் சொல்ல வைப்பதும், சொல்லாதே என்று தடுப்பதும், இரண்டுமே என்னால் ஆகாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முடியாது என்று பக்கத்தைப் புரட்டினாலும் குற்றமில்லை, யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் சும்மா இருந்தாலே போதும். அப்பாசாமி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார், சுமதி மூட்டையோடு எழுந்து பைல் நாட்டுப் பாதையில் நடந்துவிடுவாள். ராக்கம்மாளும் இந்த நிமிஷம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், சும்மா இருக்கிறாள்.