நடுவில் நிற்கிறவள்

பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்ட வேனை ஓரங்கட்டியபோதே நெல்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருஷம் முழுக்கக் காத்திருந்த ஜூலை இது; பூமியின் தென்பாதியில் அதுதான் பனிக்காலம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை விட்ட மறுநாளே சொந்த ஊரான ரன்காகுவாவிலிருந்து கிளம்பியாகிவிட்டது. கூரைமேல் ஐந்து ஜோடி சறுக்குப்பலகைகள், உள்ளே ஐந்து பெண்கள், எல்லாவற்றிலும் வெங்காய வாசனை. வேன், பள்ளிச் சமையலறையை நடத்தும் அக்கா தங்கைகளான ஈரிஸ், க்ளாடிஸ் இருவருடையது. எத்தனை முறை கழுவினாலும் அந்த வாசனை போவேனா என்றது. வேதியியல் டீச்சர் மிர்தா பனியில் மண்டியிட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு டீச்சர் கரோலா கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கூட்டத்திலேயே சின்னவள். மேலே மலை, வெயிலில் கண்ணைப் பறித்தது.

"நகருடி, நான் போடறேன்" என்று நெல்டா குனிந்தாள்.

"நீ மண்டி போடாத தாயே" என்றாள் மிர்தா. "டிசம்பர்ல அறுத்துத் தச்ச முட்டி. பேசாம உள்ள போய் உக்காரு."

"தச்சது டாக்டர். பிரிஞ்சா அவரத்தான கேக்கணும்?"

"அவர் என்ன சொல்லி அனுப்பினாரு?"

"ஜாக்கிரதையா இருங்கன்னாரு. நான் என்னிக்கு ஜாக்கிரதையா இல்லாம இருந்தேன்?"

நாலு பேரும் சிரித்த சிரிப்பில், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

நெல்டாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளியில் ஒழுங்கைக் கவனிப்பது அவள் வேலை. காலையில் முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்த வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், மதிலேறிக் குதிக்கப் பார்ப்பவனை அங்கேயே பெயர் சொல்லி நிறுத்த வேண்டும். அவள் குரலுக்கு மைக் கிடையாது, தேவைப்பட்டதும் கிடையாது. நவம்பரில் டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த கைப்பந்துப் போட்டியில் வலது முட்டியைத் திருகிக்கொண்டாள். அந்தப் போட்டியில் டீச்சர்கள்தான் ஜெயித்தார்கள் என்பதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

பத்தொன்பது வருஷமாக அவர்கள் கணக்கு மாறவில்லை. பத்து நாள், மூன்று மலை. முதலில் லாஸ் கார்சாஸ், உடம்பை இளக்கிக்கொள்ள. அப்புறம் பியெத்ரா ரோஹா, வேகம் பழக. கடைசியில், எல்லைச் சாலையை ஒட்டிய லா கொர்னிசா. மற்ற இரண்டும் அதற்கு முன்னுரைதான். அங்கே மலையுச்சிக்குப் போக, கயிற்றில் தொங்கியபடி ஏறும் நாற்காலி கிடையாது. இரும்புக்கயிற்றில் தொங்கும் ஒரு நீளமான சட்டம், அதில் பக்கத்தில் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஐந்து வட்டுகள். ஆளுக்கு ஒரு வட்டைத் தொடைக்குப் பின்னால் செருகிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். விசில் ஊதினதும் ஐந்து பேரையும் ஒன்றாக மேலே இழுத்துக்கொண்டு ஓடும். செங்குத்துச் சரிவு, நாய் துரத்துகிற வேகம். உச்சியில் சடாரென்று நிற்கும். அப்போது ஒவ்வொருவராகத்தான் கழன்றுகொள்ள வேண்டும்: முதலில் இடது ஓரம், பிறகு வலது ஓரம், அப்புறம் உள்ளே நிற்கிற இருவர், கடைசியில் நடு ஆள். வரிசை தப்பினால் சட்டம் சுழன்றுவிடும். ஒருத்தி விழுந்தால் ஐந்து பேரும் சீட்டுக்கட்டு மாதிரி சரிய வேண்டியதுதான். நடு ஆள்தான் பெயர்களைக் கூப்பிட வேண்டும். எல்லாரும் போன பிறகு, பாரம் இறங்கின சட்டம் துள்ளும்போது, அவள் தனியாக அதை விட்டு வெளியே வர வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த நடு இடம் நெல்டாவுடையது. அந்த முற்றத்துக் குரல் இருக்கும்போது வேறு யார் அங்கே நிற்க முடியும்?

லாஸ் கார்சாஸில் முதல் நாள் காலை, முதல் சரிவில், முட்டி என்ன சொல்லும் என்று பயந்துகொண்டே ஒரு வளைவு எடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று எடுத்தாள். பலகைக்கடியில் புதுப்பனி சீறியது. மூன்றாவது வளைவில் தன்னை மறந்து ஒரு கூச்சல் போட்டாள், பக்கத்துச் சரிவில் யாரோ ஒரு சிறுவன் திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, இருக்குடி! முட்டி இருக்கு!" என்று கீழே வந்து மிர்தாவைக் கட்டிக்கொண்டாள். அன்று மத்தியானம் க்ளாடிஸும் ஈரிஸும் கட்டிக்கொண்டு வந்த பூசணி ரொட்டியை, மிளகாய்த் துவையலோடு, பனியில் உட்கார்ந்து ஆளுக்கு ஆறு தின்றார்கள். சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மூன்று நாளும் அப்படித்தான் போனது.

பியெத்ரா ரோஹாவில், கடைசி நாள் கடைசி இறக்கத்தில், முட்டிக்குள் ஒரு சொடுக்கு கேட்டது. வலியில்லை, சத்தம் மட்டும். நெல்டா அதை யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அன்று சாயங்காலம் ஈரக் காலுறைகளைக் காயப்போட விடுதியின் பின்கட்டுக்குப் போனாள். விறகு அடுக்கியிருந்த பக்கம் பேச்சுக்குரல் கேட்டு நின்றாள். கரோலா பனியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சத்தமா" என்றது மிர்தாவின் குரல். "மேல காத்து அடிக்கும், இது காதுலயே விழாது. பாட்டு டீச்சர்தான நீ? வயித்துலேருந்து கூப்பிடு."

"நெல்டா! ஈரிஸ்! க்ளாடிஸ்! மிர்தா!"

"ம், பரவாயில்ல. இன்னொரு தடவை."

"மிர்தாக்கா, எனக்கு என்னமோ நல்லாவே படல. நெல்டாக்காகிட்ட சொல்லிட்டுச் செய்யலாமே."

"சொன்னா விடுவாளா? நடுவுல நின்னு அந்த முட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவ அடுத்த வருஷமே வரமாட்டா. ஓரத்துல நின்னா முதல்ல கழண்டுக்கலாம், ஆட்டம் இல்ல. வரிசையில நிக்கும்போது சொல்லிக்கலாம். கத்து."

"நெல்டா!"

தன் பெயர் முதலில் வந்தது. முதல் பெயர் என்றால் இடது ஓரம். ஓரத்து இடம் புதுசாக வருகிறவர்களுக்கும் பயப்படுகிறவர்களுக்கும். நெல்டாவுக்குக் காது மடல் வரை சுட்டது. போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலுறைகளை அதே ஈரத்தோடு அறைக்குத் திருப்பி எடுத்து வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும். இரவுச் சாப்பாட்டில் பீன்ஸும் சேமியாவும் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள், மிர்தா முகத்தைப் பார்க்காமல். அவமானம் ஒரு பக்கம். அந்தச் சொடுக்கு இன்னொரு பக்கம். அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? அதுதான் அவளை அதிகமாகக் குடைந்தது.

லா கொர்னிசாவில் இரண்டு நாள் பனிக்காற்று, உச்சிக்கு விடவில்லை. நாலு பேரும் சீட்டாடினார்கள், நெல்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி திறந்தது. மலையடியில் இருந்த ஏரி கறுப்பாக, அசையாமல் கிடந்தது. மேலே உச்சிச் சரிவில் ஒரு கீறல்கூட இல்லாத புதுப்பனி. அதைப் பார்த்ததும் கோபத்தையும் மீறி முதல் ஆளாகப் பூட்ஸ் கொக்கிகளை மாட்ட உட்கார்ந்துவிட்டாள்.

இழுவையடியில் நிற்கும் ஆப்பரேட்டர் வெஞ்சுவுக்கு அவர்களைத் தெரியும்.

"வாங்க வாங்க, ரன்காகுவா மகாராணிங்களா! நடுவுல வழக்கம்போல நம்ம நெல்டா மேடம்தான?"

க்ளாடிஸ் தன் கையுறையை ஆராய்ந்தாள். மிர்தாதான் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்தத் தடவை கரோலா நிக்கட்டும். நெல்டா, நீ இப்படி இடது ஓரமா வா. முட்டிக்கு நல்லது."

"தெரியும்" என்றாள் நெல்டா.

"என்ன தெரியும்?"

"விறகுக்குப் பின்னாடி நின்னு கத்தினா ஊருக்கே கேக்கும்."

கரோலா முகம் சிவந்துவிட்டது. நெல்டா இடது ஓரத்துக்குப் போய் வட்டைச் செருகிக்கொண்டாள். அவளுக்கு அடுத்து க்ளாடிஸ், நடுவில் கரோலா, பிறகு மிர்தா, வலது ஓரத்தில் ஈரிஸ். வெஞ்சு விசிலை வாயில் வைத்தார். ஒரு கணம் தயங்கி நெல்டாவைப் பார்த்தார். ஊதினார்.

அப்பா, என்ன இழுப்பு! குடலை அங்கேயே விட்டுவிட்டு உடம்பு மட்டும் கிளம்பியது. பாறைகள் பக்கவாட்டில் பறந்தன. ஈரிஸ் கார்மேன் மாதாவை உரக்கக் கூப்பிட்டாள், க்ளாடிஸ் அக்காவை மிஞ்சிக் கூப்பிட்டாள். பனித்தூள் நெல்டாவின் பல்லில் தெறித்தது. அவளுக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரமோ நடுவோ, இந்த மலை அவளை மேலே தூக்கிக்கொண்டுதான் போனது. பிறகு சடாரென்று நின்றது. கீழே ஏரி ஒரு தட்டளவுக்குச் சிறுத்துப்போயிருந்தது.

"நெல்டா!" என்று கரோலா கூப்பிட்டாள்.

நெல்டா நகரவில்லை.

வீம்பு இல்லை. சத்தியமாக வீம்பு இல்லை. அவள் கைகள் வட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. இந்த உச்சியில் அவள் பெயரை யாருமே கூப்பிட்டதில்லை. நாலு பெயர் முடிந்து, நாலு பேரும் போன பிறகு விடுவதுதான் அந்தக் கைகளுக்குத் தெரிந்த ஒரே வேலை.

"நெல்டாக்கா! விடுங்க!"

விடவில்லை. அவள் விடாமல் ஈரிஸ் விடமாட்டாள், ஈரிஸ் விடாமல் க்ளாடிஸ் விடமாட்டாள். பத்தொன்பது வருஷமாக வரிசை தவறாதே என்று அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ஐந்து பேரும் செங்குத்துச் சரிவில் அப்படியே தொங்கினார்கள். நின்ற இரும்புக்கயிறு மெல்லத் தளர்ந்தது. பலகைகள் பின்பக்கமாக, ஒரு விரல், இன்னொரு விரல் என்று வழுக்க ஆரம்பித்தன. க்ளாடிஸ் அழத் தொடங்கிவிட்டாள். கரோலாவின் குரல் காற்றில் எங்கேயோ போனது.

அப்போது முற்றத்துக் குரல் எழுந்தது.

"ஈரிஸ்!"

ஈரிஸ் வலது ஓரத்திலிருந்து கழன்று பனியில் வழுக்கி நின்றாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"க்ளாடிஸ்! கண்ணத் துடைக்காத, விடு! மிர்தா! கரோலா, முட்டிய மடக்கி, இப்ப!"

நாலு பேரும் போனார்கள். கடைசியாகப் போன கரோலா உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். பாரமெல்லாம் ஓரத்து வட்டில் தனியாக நின்ற நெல்டாமேல் சாய்ந்தது. சட்டம் ஒரு துள்ளு துள்ளி அவளை அரைவட்டம் சுழற்றியது. வலது காலில் முழு எடையும் இறங்கியது. முட்டிக்குள் அதே சொடுக்கு. நெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு வட்டைத் தள்ளிவிட்டாள். காலி வட்டுகள் ஐந்தும் கடகடவென்று ஆடிக்கொண்டே கீழே போயின. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு!" மிர்தா தன் சறுக்கு ஊன்றுகோலை வீசியெறிந்தாள். கண்ணில் தண்ணீர். "எல்லாரும் செத்திருப்போம்!"

"கை வரலடி. நிஜமா வரல."

"உன் முட்டிக்காகத்தான செஞ்சோம்?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

நெல்டா யோசித்தாள். "மாட்டேன்."

பனியில் உட்கார்ந்திருந்த கரோலாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அது ஈரிஸுக்குத் தொற்றி, அழுதுகொண்டிருந்த க்ளாடிஸுக்குத் தொற்றியது. மிர்தா வெகுநேரம் தாக்குப்பிடித்தாள், பிறகு அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முட்டி எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு" என்றாள்.

"சொடுக்குது. ரோஹாவுலயே சொடுக்குச்சு. உங்ககிட்ட மறைச்சேன்." சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. "வலிக்கல. ஆனா பயமா இருக்குடி."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை. கரோலா எழுந்து, மிர்தாவின் ஊன்றுகோலைப் பொறுக்கி வந்து கொடுத்தாள். உச்சியிலிருந்து இறங்க வேறு வழி கிடையாது. ஏறினவர்கள் சறுக்கித்தான் இறங்க வேண்டும். முன்னால் அந்தச் சரிவு, ஒரு கீறல்கூட இல்லாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. இறக்கத்துக்கும் ஒரு வரிசை உண்டு. நெல்டா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள், அவரவர் போவார்கள், எல்லாரும் கீழே போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு அவள் கடைசியாக வருவாள். புதுப்பனியில் முதல் கோட்டை அவள் போட்டதே இல்லை. எப்போதும் நாலு கோடுகளுக்கு நடுவில்தான் வந்திருக்கிறாள்.

நாலு பேரும் வழக்கம்போல வரிசையில் நின்று, தங்கள் பெயருக்காக அவள் வாயைப் பார்த்தார்கள்.

நெல்டா விளிம்புக்கு வந்தாள். வலது முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டினாள். மூச்சை வயிற்றிலிருந்து இழுத்தாள்.

"நெல்டா!"

கூப்பிட்ட குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் அவள் விளிம்பைத் தாண்டியிருந்தாள். பலகைகளின் முனை கீழே சாய்ந்தது. அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சரிவில் ஒரே ஒரு கோடு, முதல் வளைவை நோக்கி நீண்டுகொண்டே போனது.