வெயிலில் வைத்த லென்ஸ்

ஜன்னலோரத்தில் சில்வர் பேப்பரை விரித்து, அதன் மேல் கேமரா லென்ஸை வானம் பார்க்க நிறுத்திவைத்தான் தயாளன். மூன்று வாரமாக இதுதான் அவனுடைய காலை வேலை. பினாங்கு ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் கடலைத் தாண்டி வந்து நேராக வீட்டுக்குள் விழும். அரைமணிக்கொரு தரம் லென்ஸைக் கொஞ்சம் திருப்பிவைப்பான். தூறல் போட்டால் தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஓடிப்போய்த் தூக்குவான். அவன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிற நாட்களில் அந்தப் பொறுப்பு மனைவி ரூபினிக்கு. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவளும் மூன்று நான்கு முறை அதை எடுத்து உள்ளே வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை துணி காயப்போட வந்தவள் கேட்டாள்: "என்னங்க இது, அப்பளமா? தெனமும் காய வெக்கிறீங்க?"

'சும்மாதான்' என்று சொல்லிவிட்டு அவன் பேசாமல் இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவனும்தான் தமிழ்ப்பள்ளியில் படித்தான். ஆனால் லென்ஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மனுஷனைப் பிடிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே பழைய சாமான் சந்தையில் நூற்றெண்பது வெள்ளிக்கு வாங்கிய லென்ஸ் அது. ரூபினியைப் பெண் பார்க்கப் போன மறுமாதம் எடுத்த முதல் படம் அதில்தான். கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்கிற லென்ஸ்களை அவன் மதிப்பதே இல்லை. பழைய லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு என்பான். அந்தக் குணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான்.

"எழுபதுகள்ல செஞ்சதுலா இது. அப்பல்லாம் கண்ணாடில தோரியம் கலப்பாங்க. படம் அவ்ளோ நல்லா வரும். என்ன, வருஷம் ஆக ஆகக் கண்ணாடி மஞ்சளாயிடும். வெயில்ல வெச்சா எறங்கிடும். ஒன் வளைகாப்புப் படத்துல மொகம் மஞ்சக்காமால கண்ட மாதிரி விழக்கூடாதில்ல?"

"தோரியம்னா?"

"அது… லேசா ரேடியேஷன் வரும். ஒண்ணும் பயம் இல்ல. பிளேன்ல போனா அதவிட அதிகமா படும்."

ரூபினிக்குப் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. வயிற்றில் பிள்ளை என்று சொன்ன நாளிலிருந்து, யாருக்காவது எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் டாக்டர் அவளை வாசலுக்கு அனுப்பிவிடுவார். தேவையில்லைதான், இருந்தாலும் போ என்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அவள் கடை வாசல் ஐந்தடிப் பாதையில் நின்று கார்களை எண்ணிவிட்டு உள்ளே வருவாள். இப்போது அவனுடைய ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டையிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் சொட்டியது.

"ஒங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"நாலு வருஷம் இருக்கும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குச் சுரீர் என்றது. அவளும் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

கல்யாணமாகி எட்டு வருடம். முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் போனது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டாவது, பதினான்காவது வாரத்தில். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ரூபினி ரோட்டோரக் கடையில் ரோஜாக் சாப்பிட்டிருந்தாள். மாங்காய், கொய்யா, அன்னாசி எல்லாம் வெட்டிப்போட்டுக் கறுப்புக் குழம்பு ஊற்றித் தருவார்களே, அது. வார்டுக்கு ரசம் கொண்டுவந்த மாமியார் வடிவம்மாள், என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "அன்னாசியா!" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து ரூபினி ரோஜாக் கடைப்பக்கம் திரும்பியதில்லை. பசாரில் அன்னாசி வாசனை வந்தாலே முகம் செத்துப்போகும்.

"நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்ப, நம்ம தலமாட்டுல இருந்த லென்ஸ் பொட்டி ஹால்ல இருந்துச்சு," என்றாள் ரூபினி. "எடுக்க ஈஸியா இருக்கும்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் மாத்துனீங்க?"

அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அடுத்த துணியை எடுத்தாள். வாளி காலியானது. பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம வளைகாப்பு. அதுக்குள்ள அது இந்த வீட்ல இருக்கக்கூடாது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை செக்கப்பில் டாக்டரிடம் அவளே கேட்டாள். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: பெட்டிக்குள், வயிற்றுக்கு அவ்வளவு தள்ளி இருந்த சாமான், அளவு ரொம்பக் குறைவு, அதனால் ஆனதில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது, இதோ பார் துடிப்பு. தயாளனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கார் பார்க்கில் கனத்த முகத்தோடு ரூபினி சொன்னாள்: "அன்னாசிக்கும் டாக்டர் இதேதான் சொன்னாங்க. நான் நம்பல. மூணு வருஷமா நம்பல. இத மட்டும் நம்பணுமா?" அவன் காரைக் கிளப்பினான். ஜாலான் மஸ்ஜித் நெகிரி முழுக்க நெரிசல். இரண்டு பேரும் முன்னால் போன லாரியின் நம்பரைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் இருக்கிற ஷேக் அலாவுதீனின் கேமரா கடைக்குப் போனான். குவீன் ஸ்ட்ரீட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது துணிக்கடை ஸ்பீக்கர்கள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. அலாவுதீன் லென்ஸை வாங்கி, ஒரு கண்ணை மூடி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க தம்பி. இதுக்குத் தேடி வர்ற ஆளு இருக்கு. ஏன் குடுக்கிறீங்க?"

"வீட்ல வேணாங்கிறாங்கண்ணே."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கடைக்காரர்களுக்கே உரிய நாகரிகம் அது. கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துவைத்தார். "கையாலதான திருப்பணும் ஒங்களுக்கு? இந்தாங்க. சீனால புதுசா செய்றாங்க. முழுக்க இரும்பு மாதிரி கனம். முந்நூத்தி இருவது வெள்ளி, ஒரு வருஷம் வாரண்டி."

"புதுசுல அந்தக் குணம் வராதுண்ணே."

"குணம் குணம்னு எல்லாரும் சொல்றீங்க. நம்ம பினாங்கு ஈரத்துக்கு, பழைய லென்ஸுல பாதிக் குணம் பூஞ்சதான் தம்பி!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

தயாளன் அதைக் கேமராவில் மாட்டி வளையத்தைத் திருப்பிப் பார்த்தான். குறை சொல்ல ஒரு காரணம் தேடினான். வளையம் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போல வழுக்கிக்கொண்டு போனது. வாசலுக்கு வெளியே பூக்கடையில் தொங்கிய மல்லிகைச் சரம் கலங்கலிலிருந்து மெல்ல எழுந்து, ஒவ்வொரு மொட்டாகத் தெளிந்து நின்றது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எட்டு வருடமாக அவன் எடுத்த மல்லிகை எல்லாம் கொஞ்சம் மஞ்சள்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பழையதற்கு விலைச்சீட்டு எழுதப் போன அலாவுதீனின் கையை நிறுத்தினான். "அண்ணே, இதுல தோரியம் இருக்குன்னு அந்தச் சீட்டுலயே எழுதுங்க."

"தெரிஞ்சவனுக்குத் தெரியும் தம்பி. எழுதணுமா?"

"எழுதுங்கண்ணே. வாங்குறவரு வீட்ல யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாதில்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். தயாளனுக்கு வெட்கமாக இருந்தது. யாரோ முகம் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, கூடப் படுத்தவளிடம் சொல்ல நான்கு வருடம் தோன்றவில்லை. மூன்று வருடத்துக்கு முன், அவள் வார்டில் கிடந்த அன்று மத்தியானம் அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் தலைமாட்டிலிருந்து தூக்கினான். ஹாலில் வைத்துவிட்டுத்தான் அலமாரியைத் திறந்து அவளுடைய நைட்டியை எடுத்தான். பிறகு வார்டுக்குத் திரும்பியபோது அன்னாசிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதிதான். அதை என்னவென்று பெயர் மாற்றிச் சொல்லுவது?

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்து வழிந்தது. வடிவம்மாள் அக்கரை பாகான் டாலாமிலிருந்து முதல் ஃபெரியிலேயே வந்து, ஐந்து வகைச் சோற்றையும் தானே கிளறி இறக்கியிருந்தாள். மருமகள் மேல் அவளுக்குப் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் கால் பிடித்துவிடுகிற பிரியம். பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரூபினிக்குப் பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். தயாளன் புது லென்ஸோடு கூட்டத்துக்குள் வளைந்து நெளிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அவள் அவனிடம் உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான் பேசுகிறாள். லென்ஸை மாற்றிவிட்டதைச் சொன்னபோது, "ம்" என்றாள்.

வரிசைத் தட்டுகளில் கிளினிக் தோழி ஹமீதா கொண்டுவந்த பழத்தட்டும் இருந்தது. அழகாக நறுக்கி, குச்சி செருகியிருந்தாள். வடிவம்மாளின் கண் அதில் விழுந்ததுதான் தாமதம், தட்டை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"இத யாருலா இங்க வெச்சது? அன்னாசி! போன தடவ பட்டது போதாதா நமக்கு?"

அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. ஹமீதா பாவம், வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபினி தலையைக் குனிந்து வளையல்களைப் பார்த்தாள். அந்தக் குனிவை அவன் மூன்று வருடமாகப் பார்க்கிறான்.

"அம்மா, தட்ட அங்கயே வெய்யுங்க."

"நீ சும்மா இருடா. பொம்பளைங்க விசயம்."

"இல்லம்மா. அன்னாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க." அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது. "அப்படி யார் மேலயாவது பழி போட்டுத்தான் ஆவணும்னா என் மேல போடுங்க. என் பழைய லென்ஸுல ரேடியேஷன் இருந்துச்சு. தெரிஞ்சுதான் இவ தலமாட்டுல வெச்சிருந்தேன். இவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப பயந்துபோயி எடுத்து மாத்துனேன். யாருகிட்டயும் சொல்லல. நீங்க அன்னாசின்னு சொன்னீங்க, தப்பிச்சேன்டா சாமின்னு வாய மூடிக்கிட்டேன். பழிய இவ தூக்குனா."

வடிவம்மாள் தட்டும் கையுமாக மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு தட்டை ரூபினியின் மடிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் தயாளன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டான். தெரிந்தது ஒன்றும் தெளிவில்லை, பச்சையும் சந்தனமுமாகக் கலங்கிக் கிடந்தது. வளையல் சத்தம் கேட்டது. வளையத்தைத் திருப்பினான். முதலில் தெளிந்தது ஒரு குச்சி, அதன் முனையில் சாறு வடியும் அன்னாசித் துண்டு. அதன் மஞ்சள் அதனுடைய சொந்த மஞ்சள். இன்னும் கொஞ்சம் திருப்பினான். துண்டு கலங்கியது, மணிக்கட்டு நிறைய வளையல்கள் வந்தன, கன்னத்துச் சந்தனம் வந்தது, பிறகு கண்கள். அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. அவை நேராக லென்ஸுக்குள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் விரல் பொத்தானில் இருந்தது, அழுத்தவில்லை. ரூபினி கண்ணை எடுக்காமல் துண்டை வாயில் வைத்து, மெல்ல மென்றாள்.