தாள் நுழையும் மூலை

அந்த வீட்டின் சமையலறை மூலை வாரத்துக்கு ஒரு விரற்கடை வீதம் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மயிரிழை விரிசல்கூட இல்லை. கதவுகள் வழக்கம்போல மூடின, ஜன்னல்கள் முன்னைவிட நன்றாகவே திறந்தன. பின்வாசலில் இருந்த மூன்று படிகளில் இரண்டு மண்ணுக்குள் போய்விட்டதால் பால்காரருக்கு முட்டிவலி குறைந்திருந்தது. அடுப்பில் வைத்த பாத்திரத்தில் குழம்பு ஒரு பக்கமாகவே கொதித்தது. வீட்டுக்காரி எடைமேடை பழுதுபார்ப்பவள். லாரிகள் சரக்கோடு ஏறி நின்று எடை பார்க்கும் இரும்பு மேடைகளை இருபது வருடமாகச் சரிசெய்து வருகிறாள். நாற்பது டன்னில் பத்து கிலோ பிசகினாலும் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். தன் வீடு ஏன் இறங்குகிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

இறங்கத் தொடங்கிய நாள் எல்லோருக்கும் தெரியும். கிரேன் ஓட்டுநரான அவள் கணவன் ஏணியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து முன்னறைக் கட்டிலுக்கு வந்த நாள் அது. அன்றிலிருந்து அவள் விடியுமுன் சமைத்து, அவனைத் துடைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி மூன்று முறை வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். மூன்று முறையும் "ஒண்ணும் வேணாங்க, சமாளிச்சுக்குறேன்" என்ற பதிலோடு திரும்பிப் போனாள்.

எட்டாம் மாதம் நகரசபைப் பொறியாளர் வந்து மண்ணைத் துளைத்துப் பார்த்தார். "அடியில பாறைம்மா. பாறைக்குள்ள வீடு இறங்காது" என்றார். "இறங்குதே சார்" என்றாள் அவள். அவர் சற்று யோசித்துவிட்டு, அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். பிறகு சமையலறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து பத்து விரற்கடை உயரத்தில், சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு மண்ணைத் தொடும் அன்று வீட்டைக் காலி செய்ய வேண்டும், மறுநாள் இடிப்பார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவனைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

அவள் தன் தொழிலுக்கேற்ற தப்பைச் செய்தாள். மேடை அழுந்தினால் பாரம் அதிகம் என்று அர்த்தம், பாரத்தை இறக்கு. ஒரு நோட்டில் வீட்டிலுள்ள பாரங்களையெல்லாம் எழுதினாள். முப்பத்தொன்று வந்தது. பீரோவை அனுப்பினாள், தையல் மெஷினை அனுப்பினாள், அம்மி போனது, புத்தக மூட்டை போனது. கோடு நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரத்தில் எட்டு விரற்கடைதான் மிச்சம். முப்பத்தொன்றாவது வரியில் கொழுந்தன் இருந்தான். கணவனின் தம்பி, எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டாதவன். என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் அவன் சொன்ன பதிலே அவனுக்குப் பெயராகி, தெருவே அவனைச் சும்மா என்றுதான் கூப்பிட்டது.

"கொஞ்ச நாளைக்கு உன் சிநேகிதன் ஒர்க்‌ஷாப்ல தங்கிக்கப்பா" என்றாள்.

"நான் அவ்வளவு கனமா இருக்கேனா அண்ணி? எழுபது கிலோகூட வரமாட்டேனே" என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் பையை எடுத்தான். ஆனால் செருப்பை மாட்ட அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை சமையலறை மூலை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுபது கிலோவைக் குறைத்தால் மேடை மேலே வர வேண்டும், கீழே போகிறது என்றால் கணக்கே தலைகீழ். முன்னறையில் கணவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அப்போதுதான் மகள் சொன்னாள்: "சித்தப்பாதாம்மா தினமும் சாயங்காலம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வெப்பாரு. கிரேன்ல ஏத்துற மாதிரி ‘மேலே, மேலே, நிறுத்து’ன்னு கத்துவாரு. அப்பா சிரிப்பாரு. நீ வேலையில இருப்ப, உனக்குத் தெரியாது." அவள் எழுதிய நோட்டில் பாரங்கள் மட்டுமே இருந்தன. தாங்குபவர்களுக்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

அன்று அவள் வேலைக்கு லீவு சொன்னாள். எடைமேடை சாய்ந்தால் உண்மையில் என்ன செய்வார்கள் என்று தனக்குத்தானே முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். லாரியைக் குறை சொல்வதில்லை. மேடைக்கு அடியில் மூலைக்கொன்றாக நான்கு தாங்கிகள் இருக்கும். குனிந்து, ஒவ்வொரு தாங்கிக்கும் மேடைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பார்கள். தாள் நுழையாவிட்டால் அது சுமக்கிறது. நுழைந்தால் அது சும்மா நிற்கிறது; கெட்டுப்போனதல்ல, மேடை அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். அதன் பங்கையும் சேர்த்து இன்னொன்று சுமந்து அழுந்திக்கொண்டிருக்கும். சும்மா நிற்பதன் தலையில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகினால் போதும், நான்கும் சேர்ந்து தாங்கும்.

ஒரு தாளை எடுத்து, அஸ்திவாரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறை மூலையில் காற்றுகூட நுழையாது. கொழுந்தன் படுக்கும் பின்னறை மூலையில் நேற்றுவரை மண் அழுந்திய தடம் இருந்தது. இன்று தாள் வழுக்கிக்கொண்டு போனது. மகளின் அறையில் பாதி போனது. கணவன் படுத்திருக்கும் முன்னறை மூலைக்குத் தாளே தேவைப்படவில்லை. அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி; அதற்குள் தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. அவளே இரண்டு மாதமாக அந்தப் பூனைக்குப் பால் வைத்து வந்தாள். பூனை வீட்டுக்கு அடியில் எப்படிப் போனது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக அவனிடம் சொல்லாததையெல்லாம் சொன்னாள்: சிவப்புக் கோடு, வலது காலுக்கு உணர்வு திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னது, மகள் கணக்கில் தவறியது, தம்பியை அனுப்பியது யார் என்பது.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னை என்ன பொம்மைன்னு நெனச்சியா?" அவன் குரல் தெருவரை கேட்டது.

"நொந்து போவீங்கன்னுதாங்க..."

"இடுப்புதான் ஒடைஞ்சுது. தலை ஒடையல. அந்த நோட்டைக் கொடு."

நோட்டு அவன் கைக்குப் போனதும் முன்னறை மூலை சட்டென்று ஒரு சாண் இறங்கியது. பூனை அலறிக்கொண்டு வெளியே பாய்ந்து, பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்வித் தையல்காரி வீட்டு மாடிக்குக் கொண்டுபோனது. கிரேன் ஓட்டியவனுக்கு எந்தச் சரக்கு முதலில், எது பிறகு, எதை இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்பது மேலிருந்து பார்த்துப் பார்த்துப் பழக்கம். படுத்தபடியே சாமான் பட்டியலை அடித்துவிட்டு, வீட்டு வேலைகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆள் போட்டான். மகளின் கணக்குப் பாடம் தனக்கு. மருந்துக் கடை, ஆஸ்பத்திரி, நகரசபை என்று எல்லாத் தொலைபேசியும் தனக்கு. காலையில் அவனுக்குக் கால் பயிற்சி கொடுப்பது மகளுக்கு. அம்மா தன்னை எதிலும் சேர்க்கவில்லை என்று எட்டு மாதம் குமைந்தவள், அன்றே எண்ணிக்கை தவறாமல் தொடங்கினாள்.

தம்பியை அவனே கூப்பிட்டான். கொழுந்தன் பையோடு வந்து வாசலில் நின்றான். "வீடு இறங்குறதுக்கு நான் காரணமா, ஏறுறதுக்கு நான் காரணமா? முடிவா ஒண்ணு சொல்லுங்க அண்ணி, அதுக்கேத்த மாதிரி சாப்பிடுறேன்." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு தெருவைத் தாண்டிப் போய், வாரத்தில் மூன்று நாள் மதியச் சமையலுக்கு உதவி வேண்டும் என்று தையல்காரியிடம் கேட்டாள். "இதைக் கேக்க எட்டு மாசமா? பூனைக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையே" என்றாள் தையல்காரி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு.

அந்த வாரம் மண் செட்டாவதற்குள் இன்னும் இரண்டு விரற்கடை போனது. பிறகு நின்றது. வீடு பழைய உயரத்துக்கு ஏறவில்லை. ஆனால் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது, குழம்பும் நடுவில் கொதித்தது. பொறியாளர் மாதாமாதம் வந்து கோட்டை அளந்து, இரண்டு விரற்கடை என்று எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் அந்தக் கோட்டை வெள்ளையடிப்பு அளவு என்று நினைத்துக்கொண்டார். கணவன் ஒரு காலையும் ஒரு கோலையும் ஊன்றி நடக்க ஆரம்பித்தான். கஷ்டம் அதற்குப் பிறகும் வந்தது: கொழுந்தனுக்குக் காமாலை, மகளுக்கு ஒரு பரீட்சைத் தோல்வி, அவளுக்கே ஒரு ஆபரேஷன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூலை அழுந்தியது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வரும் ஒரு தாளோடு வீட்டைச் சுற்றி வருகிறார்கள். தாள் நுழையும் மூலைக்கு ஒரு வேலை போகிறது. தாள் நுழையாமல் அழுந்தும் மூலைக்குத் துணையாக ஒரு ஆள் போகிறார். பிறகு உள்ளே வந்து சாப்பிடுகிறார்கள்.