கொம்பு கோணிய எருமை யாருடையது?

1.

ஒரு கதைக்கருவின் விலை பதினைந்து ரூபாய். அவிநாசியில் ஓர் இஞ்சி டீ. குடித்தவன் இளங்கோ, காசு கொடுத்தது நான். அவனும் எழுதுகிறவன், முகநூலில் என்னைவிட அதிகம் லைக் வாங்குகிறவன். அந்த வயிற்றெரிச்சலில்தான், அவன் வாய்விட்டுச் சொன்ன கதையை அவனுக்கு முந்தி எழுதுகிறேன். பதறாதீர்கள், சட்டம் என் பக்கம். கருவுக்குக் காப்பிரைட் கிடையாது, எழுதிய வரிகளுக்குத்தான்.

2.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "அருள்புரத்தில் பொழுது விடிந்தபோது தையல் மிஷின்கள்..." வேண்டாம். பனியன் தைக்கும் அருள்புரத்தில் எல்லாக் கதையும் அப்படித்தான் விடிகிறது.)

அனுப்ரியா பனியன் கம்பெனியில் அச்சுப்படம் வரைகிறவள். பனியன் போட்ட எருமை ஒன்றை வரைந்தாள். கை நழுவி இடக்கொம்பு கோணிப்போயிற்று. அந்தக் கோணல்தான் எருமைக்கு ஒரு திமிரைக் கொடுத்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வேண்டாமென்று திருப்பியதும், வீணாகக் கிடக்கிறதே என்று இன்ஸ்டாகிராமில் போட்டாள். நாற்பது லைக். பாதி சொந்தக்காரர்கள்.

அடுத்த மாதம் ஜோதிகா, முன்பு பக்கத்து மேசையில் இருந்தவள், இப்போது ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிறவள், அதே எருமை அச்சடித்த டி-ஷர்ட்டில் ஆடி வீடியோ போட்டாள். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் கொஞ்சம், அனுப்ரியா திரும்பத் திரும்பப் பார்த்தது.

அனுப்ரியா போன் போட்டுக் கேட்டதற்கு ஜோதிகா சீறினாள்.

"ஏனுங்கக்கா, எருமைய உங்க பேர்ல பட்டாப் போட்டுக் குடுத்திருக்காங்களாக்கும்?"

"எருமைய யாரு வேணா வரையலாம் கண்ணு. என்ற எருமைக்குக் கோணுன கொம்பு உன்ற எருமைக்கும் எப்படிக் கோணுச்சு?"

"எனக்கு லைக்கு வந்ததுதானுங்க உங்களுக்கு எரியுது?"

எரிந்தது. (எனக்கும் தெரியும் அந்த எரிச்சல். முதல் பத்தியைப் பார்க்கவும்.)

3.

பதிவு செய்யாவிட்டாலும் வரைந்த நொடியே காப்பிரைட் பிறந்துவிடும் என்று அனுப்ரியா படித்திருந்தாள். யார் பெயரில் பிறக்கும் என்ற வரிவரை போகவில்லை.

இந்த ஊரில் துணிக்குச் சாட்சி சீல்தான். கம்பெனியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு சாம்பிளிலும் சீல் விழும். தகராறு வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் எருமையின் முதல் அச்சுத் துணியைப் படமெடுத்து, இன்ஸ்டாகிராமுக்குப் புகாரோடு அனுப்பினாள். ஆத்திரம் அடங்காமல் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள். துணி மூலையில் பளிச்சென்று கம்பெனி சீல்.

முதலாளி மருதாசலம் ஒரு ஸ்டேட்டஸ் விடாமல் பார்ப்பவர்.

"ஏங்கண்ணு, நம்ம எருமையத் திருடிட்டாங்களாமா?"

"நம்ம எருமை இல்லீங்க. என்ற எருமைங்க."

"சம்பளம் கம்பெனி குடுத்தது, கம்ப்யூட்டர் கம்பெனியோடது, சீல நீயே காட்டிப்போட்ட. எருமை மட்டும் எப்படிக் கண்ணு உன்றதாகும்?"

வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சம்பள வேலையாக வரைந்தது சட்டப்படி முதலாளிக்கே. உரிமை கம்பெனிக்கு என்றதும் ஜோதிகா வீடியோவை நீக்கிவிட்டாள். கம்பெனி எருமையை அச்சடிக்க ஆரம்பித்தது. கழுத்தில் தைக்கும் டேகில் கம்பெனி பெயர்.

4.

முடிவு அ: அனுப்ரியா வேலையை உதறிவிட்டு, சொந்தமாக... (இப்படி இளங்கோ முடிப்பான்.)

முடிவு ஆ: அவளும் ஜோதிகாவும் கட்டிப்பிடித்து... (அனுப்ரியா என்னைச் சும்மா விடமாட்டாள்.)

இன்னொன்று இருக்கிறது. படம் முதலாளிக்குப் போனாலும் "வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இந்த முறை அனுப்ரியா அந்த வரிவரை படித்துவிட்டுத்தான் மருதாசலத்தின் கதவைத் தட்டினாள்.

"டேகுல என்ற பேரும் போடோணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்ன சொன்னார் என்று இளங்கோ சொன்னான். அதை அப்படியே எழுதினால் அந்த வரி அவனுடையதாகிவிடும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுவரை:

எருமை, மருதாசலத்துக்கு.
வீடியோ பார்த்துச் சேர்ந்த கூட்டம், ஜோதிகாவுக்கு.
கரு, இளங்கோவுக்கு, பெயர் போட்டாயிற்று, டீயும் கொடுத்தாயிற்று.
வரிகள், எனக்கு.
அனுப்ரியாவுக்கு, பெயர் பாக்கி.