சம்பந்தியம்மாளோடு குற்றாலத்துக்கு

ஸ்ரீவைகுண்டத்து ஆவுடையம்மாளுக்குக் குற்றாலம் பார்க்க ஆசை நிறைய இருந்தது. மேலகரத்தில் சம்பந்தி வீட்டில் தங்கிப் பார்க்கத்தான் ஆசை இல்லை. வைகாசியில் மகன் நம்பிராஜனின் கல்யாணம் அங்கேதான் நடந்தது. மறுவீட்டுப் பந்தியில் தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் வைத்துவிட்டு, “இது சொதியா, அரிசி களைஞ்ச தண்ணியா?” என்று பக்கத்து இலைக்காரியிடம் கேட்டுவிட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பெண்ணைப் பெற்ற பார்வதியம்மாள் பந்தி விசாரித்தபடி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் ‘சம்பந்தியம்மா’ என்று அளவுக்கு மீறிய மரியாதையோடு அழைத்துக்கொண்டார்கள்.

ஆனி பிறந்து சாரல் கட்டியதும் பார்வதியம்மாள் குற்றாலத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். ஆவுடையம்மாள் மூட்டுவலி என்று இழுத்துப் பார்த்தாள். கணவர் ஆறுமுகநயினார் விடவில்லை. “மதிச்சுக் கூப்பிட்டிருக்காவ. போகாம இருந்தா மருமவ முகத்துல எப்படி முழிப்ப? பொறப்படு.”

இருவரும் ரயிலேறினார்கள். கடையம் தாண்டியதுமே ஜன்னலில் குளிர்காற்று வீசியது. மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. தென்காசி ஸ்டேஷனில் பார்வதியம்மாள் வில்வண்டியோடு வந்து நின்றாள். குசலம் விசாரித்து முடிக்கும் முன்பே யோசனை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“நேரா தென்காசிக் கோயிலுக்குப் போயிருவோம் சம்பந்தியம்மா. வெயில் சாயுத நேரத்துலதான் தூணுச் சிலையெல்லாம் நல்லாத் தெரியும். கோபுர வாசல்ல காத்து ஆளையே தள்ளும். முந்தானையை இறுக்கிச் செருகிக்கிடுங்க. அண்ணாச்சி, நீங்களும் துண்டை இடுப்புல கட்டிக்கிடுங்க.”

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்குக் காற்றைப் பற்றிப் பாடமா என்று ஆவுடையம்மாளுக்கு முணுக்கென்று கோபம் வந்தது. முந்தானையைச் செருகாமலே இறங்கினாள். பல காலத்துக்கு முன்பே உச்சியிலிருந்து இரண்டாகப் பிளந்து, மொட்டையாக நின்றது கோபுரம். அந்தப் பிளவுக்கு நடுவே வானம் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபடி வாசலில் கால் வைத்தவளை எதிர்க்காற்று அப்படியே நிறுத்தியது. சமாளித்து உள்ளே நடந்தால் அதே காற்று இப்போது முதுகைப் பிடித்துத் தள்ளியது. முந்தானை பறந்து ஆறுமுகநயினாரின் முகத்தை மூடிக்கொண்டது. அவள் முந்தானையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலைக் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் வந்த விஷக்காய்ச்சலில் அவள் கூந்தல் கொத்துக் கொத்தாகப் போயிருந்தது. கல்யாணத்தில் மேலகரத்துப் பெண்கள் வியந்து பார்த்த அந்தக் கொண்டையில் முக்கால் பங்கு சவுரிமுடி. புருஷனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. பெற்ற மகனுக்கே தெரியாது.

உள்ளே மண்டபத்தில், ஆளைவிடப் பெரிய சிலைகளுக்கு முன்னால் நின்றபோது அவளுடைய கோபம் கொஞ்சம் மறந்துபோனது. சாய்ந்த வெயில் கல்லில் விழுந்து, விரல் நகம் வரைக்கும் துலங்கியது. “கல்லுல நரம்பு ஓடுத மாதிரில்லா செதுக்கியிருக்கான்!” என்று அவளையறியாமல் சொல்லிவிட்டாள். நல்ல நேரம் பார்த்துத்தான் கூட்டி வந்திருக்கிறாள் என்று தோன்றியது. அதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமல் குற்றாலத்துக்கு வண்டி கட்டினார்கள். வழி நெடுக யோசனைதான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போகக்கூடாது. பலகாரப் பையைக் குரங்கு பார்க்கும்படி வைக்கக்கூடாது. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக வந்தால், யாரும் சொல்லும்வரை காத்திராமல் வெளியே வந்துவிட வேண்டும். பேரருவியின் இரைச்சல் கேட்டதும் பார்வதியம்மாள் குரலை உயர்த்தினாள்.

“எடுத்ததும் நடுவுல போயி நிக்கக்கூடாது. முதல்ல ஓரத்துல தோளைக் காட்டுங்க. பொறவு தலையைக் காட்டலாம். கழலுதது எது இருந்தாலும் இப்பவே கழத்தி எங்கிட்டக் குடுத்திருங்க. உள்ள போனா அருவிதான் கழத்தும்.”

ஆவுடையம்மாள் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தாள். கழற்ற முடியாததை நூலால் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கம் இறங்கினாள். நகைகளை முந்தானையில் முடிந்துகொண்டு பார்வதியம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

தோளில் விழுந்த தண்ணீர் முதலில் அடிபோல வலித்தது. பிறகு அந்த வலியே சுகமாகிவிட்டது. மூட்டுவலி, சம்பந்தி, சொதி எல்லாம் கரைந்து போக, சிரித்தபடியே தலையை நீட்டினாள். ஒரே அறை. தலை லேசானது. கையை வைத்துப் பார்த்தால் கொண்டை இல்லை.

“ஏட்டி, பாம்பு! பாம்பு!” என்று ஒருத்தி அலறினாள். கறுப்பாக, நீளமாக, நெளிந்து நெளிந்து தண்ணீரில் போனது அவளுடைய சவுரிதான். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சலிட்டு ஓடினார்கள். ஆவுடையம்மாளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. மேலகரமே கேட்டுச் சிரிக்கப் போகிறது. மருமகளும் சிரிக்கப் போகிறாள்.

அதற்குள் பார்வதியம்மாள் குனிந்து அதை அள்ளிவிட்டாள். சுருட்டி மடியில் செருகியபடியே, “பாம்பாவது ஒண்ணாவது! மலையில இருந்து வந்த மரவேருதான். போயிக் குளிங்க!” என்று அதட்டினாள். மறுகையால் தன் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து ஆவுடையம்மாளின் தலையில் முக்காடாகப் போட்டு, கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு பெரிய பாறையின் மறைவில் உட்கார வைத்தாள். சவுரியைப் பிழிந்து, உதறி, சிக்கெடுத்து, ஆவுடையம்மாளின் மெல்லிய கூந்தலோடு சேர்த்து முடியத் தொடங்கினாள். தலையில் அந்த விரல்கள் பட்டதும் ஆவுடையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“காய்ச்சல்ல கொட்டிப்போச்சு, மதினி,” என்றாள். ‘சம்பந்தியம்மா’ போய், மதினி என்ற சொல் தானாக வந்தது.

“கொட்டினா என்ன? உசுரு தங்குச்சுல்லா.” பார்வதியம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்தாள். பிறகு அவளே சொன்னாள்: “அன்னைக்குச் சொதி தண்ணியாத்தான் போச்சு மதினி. நெனச்சதுக்கு மேல கூட்டம் வந்துட்டு. சமைக்க வந்த தவசிப்பிள்ளை குடத்தோட தண்ணிய ஊத்திட்டான். நீங்க சொன்னது நெசம். நெசத்தைச் சொல்லிட்டியளேன்னுதான் எனக்குக் கோவம்.”

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் நனைந்த சேலையோடு பாறையில் சாய்ந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தார்கள்.

குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திரசபைக்கு நடந்தார்கள். குளத்தங்கரையில் ஓடு வேய்ந்த கட்டடம்; உள்ளே அரையிருட்டு. மற்ற சபைகளில் விக்கிரகமாக ஆடும் நடராசர் இங்கே சுவரில் சித்திரமாக ஆடினார். சுற்றுச் சுவரெல்லாம் பச்சையும் காவியுமாகத் தெய்வங்கள். பார்வதியம்மாள் சற்று நேரம் கண்ணை மூடி நின்று, இருட்டுப் பழகிய பிறகு பார்க்கச் சொன்னாள். ஆவுடையம்மாள் இந்தத் தடவை சொன்னபடியே செய்தாள். கண்ணைத் திறந்தபோது, முன்பு வெறும் கறையாகத் தெரிந்த இடத்திலிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு மூலையில் இருந்தது பைரவரா, வீரபத்திரரா என்று இரண்டு பேரும் வெகுநேரம் வாதாடினார்கள். வாசலில் நின்ற ஆறுமுகநயினாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நேற்றுவரை வார்த்தையை எண்ணிப் பேசியவர்கள் இவர்கள்தானா?

குளத்துப் படியில் புளியோதரையும் துவையலும் சாப்பிட்டார்கள். “நாளைக்குக் காலை ரயிலுக்குப் போயிருவோமா?” என்று அவர் கேட்டார்.

“ஐந்தருவி பாக்கல, இலஞ்சி முருகனைப் பாக்கல. அதுக்குள்ள என்ன ரயில்?” என்றாள் ஆவுடையம்மாள். “அவசரம்னா நீங்க முன்னால போங்க. நான் மதினியோட இருந்துட்டு வாரேன்.”

அவர் முன்னால் போகவில்லை. வண்டிக்காரர் மாட்டைப் பூட்ட, மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். லேசான தூறலில் வண்டி ஐந்தருவிப் பாதையில் திரும்பியது.